கண்ணுக்குத் ‘தமிழ்’, காதுக்கு ‘ஜே கே பி ஓ’: திரைவாசிப்பானுக்கு ஏற்றபடி தமிழ்க் கோப்புகளைச் சீர்செய்த அனுபவம்

பார்வையற்ற வாசகருக்காகத் தமிழ்க் கோப்பு ஒன்றைச் சீர்செய்ய உட்கார்ந்தால் முதலில் எழுத்தைப் பாருங்கள். தலைப்பு நிலை, படவிளக்கம், அட்டவணை எல்லாம் அதற்குப் பிறகு. ஆங்கில வழிகாட்டிகள் தலைப்பிலிருந்து தொடங்கும்; கோப்பில் உள்ள எழுத்து சரியாகத்தான் இருக்கும் என்று அங்கே நம்பித் தொடங்கலாம். தமிழில் அப்படி நம்பிவிட முடியாது. திரையில் ஒரு குறையும் இல்லாமல் தெரியும் பக்கத்துக்கு உள்ளே வேறு எழுத்துகள் இருக்கலாம். திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருளான திரைவாசிப்பான் படிப்பது உள்ளே இருப்பதைத்தான்.

விண்டோஸ் கணினியில் என்விடிஏ, வேர்டு, லிப்ரே ஆபீஸ், டெசராக்ட் (படத்தில் உள்ள எழுத்தை உரையாக்கும் எழுத்துணரி), தோரியம் (மின்னூல் படிப்பான்) ஆகியவற்றை நெடுநாள் புழங்கியதில் தேறி நின்ற வழிகளை இங்கே எழுதுகிறோம். என்விடிஏ, 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் தொடங்கிய இலவசத் திரைவாசிப்பான். கோப்பு தயாரிக்கும் பார்வையுள்ளவர்களும் அதை நிறுவிக்கொள்ளுங்கள். காது பழகும் வரை டூல்ஸ் பட்டியில் உள்ள ‘ஸ்பீச் வியூவர்’ என்பதைத் திறந்து வைத்தால், அது பேசுவதெல்லாம் ஒரு சிறு பெட்டியில் எழுத்தாகவும் ஓடும்.

பழைய எழுத்துருவில் இருக்கும் கோப்புகள்

பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த ‘தமிழ்’ என்ற சொல் கோப்பில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து குறிகளாகத்தான் கிடக்கிறது. ‘அம்மா’ என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அந்தக் குறிகளுக்கு மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்துவது மட்டுமே எழுத்துருவின் வேலை. திரைவாசிப்பானுக்குப் போர்வை தெரியாது; நாற்பது பக்கச் சுற்றறிக்கையையும் ‘ஜே கே பி ஓ’ என்றே படித்து முடிக்கும். பிரெய்ல் காட்டியில் விரல் வைத்தாலும் அதே குப்பைதான்.

இலங்கைக் கோப்புகளில் பாமினி அதிகம். தமிழ்நாட்டு அலுவலகக் கோப்புகளில் வானவில் அவ்வையார் அதிகம். பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள் ஒருங்குறித் (யூனிகோடு) தமிழை ஏற்காததால், அதைக் கைவிடாத அச்சகங்களிடமிருந்து வருபவை எல்லாம் பழைய எழுத்துருவாகவே இருக்கும். சோதிப்பது எளிது. ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். ஆங்கில எழுத்தாக வந்தால் ஒருங்குறிக்கு மாற்றியாக வேண்டும்.

என்எச்எம் கன்வெர்ட்டர், சுரதா மாற்றி இரண்டும் இந்த வேலையை நன்றாகச் செய்கின்றன. தவறு பெரும்பாலும் மாற்றியால் வருவதில்லை, கொடுக்கும் முறையால் வருகிறது. இடையில் உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருக்கும் கோப்பை முழுதாக மாற்றியில் போட்டால் அந்த ஆங்கிலமும் பொருளற்ற தமிழாகிவிடும். வேர்டில் விரிவான தேடலைத் திறந்து, தேடும் சொல்லை வெறுமையாக விட்டு, வடிவமைப்பில் எழுத்துரு பாமினி என்று மட்டும் கொடுத்து, முதன்மை ஆவணத்தில் தேடச் சொல்லுங்கள். பாமினிப் பகுதிகள் எல்லாம் தேர்வாகும். அவற்றுக்கு ஒரு நிறம் கொடுத்துவிட்டால் எதை மாற்ற வேண்டும், எதைத் தொடக்கூடாது என்பது தெளிவாகிவிடும். பக்கத் தலைப்பு, அடிக்குறிப்பு, உரைப்பெட்டி மூன்றும் இந்தத் தேர்வில் சிக்காது. அவற்றைத் தனியே போய்ப் பாருங்கள்.

ஒருங்குறியாக மாற்றிய பிறகும் கண்ணை ஏமாற்றும் சில எழுத்துகள் மிஞ்சும். ‘கௌரவம்’ என்பதை ‘கெளரவம்’ என்று அடித்திருப்பார்கள். முதலாவதில் இருப்பது ஔகாரக் குறி. இரண்டாவதில் கெ, அடுத்து ள என்ற தனி எழுத்து. பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்று. கேட்பவருக்கு அது கெ-ள-ர-வம். மௌனம், பௌர்ணமி, சௌகரியம், வௌவால், ஔவையார் எல்லாவற்றுக்கும் இதே கதி. தேடி மாற்றும்போது ஒரு விதி கைகொடுக்கும்: ‘தெளிவு’, ‘வெள்ளை’ போல ளகரத்தின் மேல் புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் அது உண்மையான ளகரம், விட்டுவிடலாம். வெறும் ளகரமாக நின்றால் சந்தேகப்படலாம். ஆனாலும் ஒரேயடியாக எல்லாவற்றையும் மாற்றிவிடாதீர்கள். கதைகளின் பேச்சு வழக்கில் ‘கெளம்பு’, ‘வெளக்கு’ என்று வரும். அவை ‘கௌம்பு’, ‘வௌக்கு’ ஆகிவிடும்.

தமிழ் எண்களும் இப்படித்தான். ஏழைக் குறிக்கும் ௭ பார்வைக்கு எகரம் போலவும், ஒன்றைக் குறிக்கும் ௧ ககரம் போலவும் இருப்பதால், ‘என்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘௭ன்’ உட்கார்ந்திருந்தால் எத்தனை முறை மெய்ப்புப் பார்த்தாலும் கண்ணில் படாது. ‘கொ’ என்பதையும் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒகரக் குறி ஒன்றாக, அல்லது கொம்பும் காலும் தனித்தனியாக. இரண்டாம் வகையில் இருந்தால் தேடல் அந்தச் சொல்லைக் கண்டுபிடிக்காமல் போகலாம். சந்தேகமான எழுத்தின் மேல் நின்று எண்பலகையில் 2ஐ விரைவாக மூன்று முறை அழுத்தினால் என்விடிஏ அந்த எழுத்தின் குறியெண்ணைச் சொல்லும். வேறு எதையும் நிறுவ வேண்டாம்.

அச்சு நூலிலிருந்து வருபவை

அச்சு நூலைப் பார்வையற்றோர் படிக்கும் வடிவுக்கு மாற்ற இந்தியாவில் சட்டம் இடம் கொடுக்கிறது. 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது இதற்கென்றே ஒரு விலக்கைச் சேர்த்தார்கள். பார்வையற்றோருக்கு நூல்கள் கிடைக்க வழிசெய்யும், 2013இல் உருவான மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் முதலாவதாக ஏற்றுறுதி செய்த நாடும் இந்தியாதான். 2016இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகம் இதே வழியில் வந்தது. ஆக, தயங்காமல் வருடலாம் (ஸ்கேன் செய்யலாம்).

வருடும்போது 300 டிபிஐ, சாம்பல் நிறம். இரண்டு பக்கம் ஒரே படத்தில் விழுந்திருந்தால் எழுத்துணரிக்குக் கொடுக்கும் முன்பே பிரித்துவிடுங்கள். டெசராக்டில் தமிழ் மட்டும் உள்ள நூலுக்குத் தமிழ்த் தரவை மட்டும் கொடுங்கள். ஆங்கிலத்தையும் சேர்த்தால், தேவையில்லாத இடங்களில் ஆங்கில எழுத்து முளைக்கிறது. கூகுள் டிரைவில் படத்தை ஏற்றி கூகுள் டாக்ஸில் திறந்தாலும் தமிழ் நன்றாகவே வருகிறது. பழைய, மங்கிய அச்சுக்கு அதுவே மேல் என்பது எங்கள் கணிப்பு. அட்டவணைகளை இரண்டுமே குலைத்துவிடும். அவற்றைக் கையால் கட்டுவதே மிச்சம்.

எழுத்துணரி செய்யும் பிழைகளில் ரகரமும் காலும் இடம் மாறுவது முதன்மையானது: ‘மரம்’ ‘மாம்’ ஆகும், ‘கால்’ ‘கரல்’ ஆகும். அதைவிட நேரத்தைத் தின்பது வரி முறிவு. தமிழ் நூல்களில் சொல்லை வரிக் கடைசியில் இணைப்புக்கோடு இல்லாமலே உடைப்பார்கள். எழுத்துணரி ஒவ்வொரு வரியையும் தனிப் பத்தியாகத் தரும். வரிகளை இடைவெளி விட்டு இணைத்தால் ‘படித்துக்கொண்டிருந்தான்’ என்பது ‘படித்துக்கொண் டிருந்தான்’ ஆகும்; விடாமல் இணைத்தால் முழுச் சொற்கள் ஒட்டிக்கொள்ளும். முழுதும் தானாகத் தீர்க்கும் வழி கிடைக்கவில்லை. அடுத்த வரி மெய்யெழுத்தில் தொடங்கினால் அது பெரும்பாலும் உடைந்த சொல், ஒட்டிவிடலாம்; ‘ஸ்பீச்’ போன்ற பிறமொழிச் சொல்லா என்று மட்டும் பாருங்கள். மற்றதை எல்லாம் கண்ணால் பார்த்தே சேர்க்க வேண்டும்.

பக்கந்தோறும் வரும் நூற்பெயரை நீக்கிவிடுங்கள். வாக்கியத்தின் நடுவே அது ஒலிப்பது கேட்பவருக்குப் பெரிய இடைஞ்சல். அச்சுப் பக்க எண்ணை மட்டும் பாட நூல்களில் காப்பாற்றுங்கள். ஆசிரியர் ‘நாற்பத்தைந்தாம் பக்கம்’ என்றால் பார்வையற்ற மாணவரும் அங்கே போக முடிய வேண்டும்.

வேர்டில் கட்டமைப்பு

தடித்த எழுத்தும் பெரிய அளவும் கொடுத்தால் தலைப்பு ஆகாது. கன்ட்ரோல், ஆல்ட், 1 அழுத்தி முதல் நிலைத் தலைப்பு கொடுங்கள். 2, 3 அடுத்தடுத்த நிலைகள். வாசகர் இன்செர்ட்டும் இடைவெளிப் பட்டையும் அழுத்தி உலாவும் நிலைக்கு வந்து, எச் என்ற ஒரே விசையால் தலைப்பு தலைப்பாகத் தாவுவார். இருநூறு பக்க நூலில் இந்த விசை இல்லையென்றால் தேடும் இடத்துக்கு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே போக வேண்டும்.

செய்யுளில் அடிகளுக்கு இடையே ஷிஃப்ட்டும் என்டரும். பாடல் முடிந்தால்தான் வெறும் என்டர். இடம் விட என்டரை ஐந்தாறு முறை தட்டாதீர்கள். அது ஒவ்வொன்றும் ‘வெற்று’ என்று ஒலிக்கும். படங்களை வரியோடு வரியாக வையுங்கள். மிதக்கும் படம் வாசிப்பு வரிசையில் தவறிப்போகும். விளக்கத்தில் ‘வரைபடம்’ என்று மட்டும் எழுதிப் பயனில்லை. எந்த மாதம் மழை அதிகம், எந்த மாதம் குறைவு, எவ்வளவு என்று அந்தப் படம் சொல்வதை இரண்டு வாக்கியத்தில் சொல்லுங்கள். அலங்காரப் படம் என்றால் அப்படியே குறித்துவிடுங்கள்.

அட்டவணையில் கலங்களை இணைக்காதீர்கள். முதல் வரிசையைத் தலைப்பு வரிசையாகக் குறித்தால், கன்ட்ரோல், ஆல்ட், அம்புக்குறி கொண்டு கலம் கலமாக நகரும்போது ‘மதிப்பெண், 72’ என்று நெடுவரிசையின் பெயரோடு கேட்கும். குறிக்காவிட்டால் வெறும் 72 என்றே கேட்கக்கூடும். அது எந்த நெடுவரிசை என்று அவரே எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மொழியையும் குறிக்க வேண்டும், இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். விசைப்பலகை ஆங்கிலத்தில் இருக்க, துணை மென்பொருளால் தமிழ் அடித்திருந்தால் அந்த உரை ஆங்கிலம் என்றே பதிவாகியிருக்கலாம். மொழிக்கேற்பக் குரல் மாறும் வசதியை இயக்கியிருப்பவருக்கு அப்போது ஆங்கிலக் குரல் வரும்; தமிழ் எழுத்தைப் படிக்கத் தெரியாமல் அது கடந்துவிடும். முழு உரையையும் தேர்வு செய்து மொழியைத் தமிழ் என்று அமைத்துவிட்டு, ஆங்கில மேற்கோள்களை மட்டும் ஆங்கிலமாக மாற்றுங்கள்.

குரல்களைப் பற்றி இங்கேயே சொல்லிவிடலாம். விண்டோஸோடு வரும் வள்ளுவர் குரல் கதை, கட்டுரைக்கு இதமானது. ஈஸ்பீக் என்ஜி இயந்திரத்தனமானது, ஆனால் வேகம் கூட்டக் கூட்டச் சொல் சிதையாது. நாள் முழுக்கக் கேட்பவர்கள் அதைக் கைவிடாததற்குக் காரணம் இதுதான். கோப்பைச் சோதிக்க ஈஸ்பீக்கையே வையுங்கள். தப்பான எழுத்தை அது பட்டென்று காட்டிக்கொடுக்கும்.

பிடிஎஃப் என்ற கடைசிக் கண்டம்

இவ்வளவும் செய்த கோப்பு பிடிஎஃப் ஆகும்போது கெடலாம். ‘அச்சிட்டு பிடிஎஃப் ஆக்கு’ வழியில் போனால் தலைப்பு, விளக்கம் எல்லாம் உதிர்ந்துவிடும். வேர்டில் சேமிக்கும்போது விருப்பங்களுக்குள் போய், அணுகலுக்கான கட்டமைப்புக் குறிச்சொற்கள் என்ற பெட்டி தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். லிப்ரே ஆபீஸின் 7.0 பதிப்பு முதல், ஏற்றுமதிப் பெட்டியிலேயே அணுகலுக்கான தரமாகிய பிடிஎஃப் யூஏ என்ற தேர்வு இருக்கிறது.

தமிழுக்கென்று தனியாக ஒரு கோளாறும் உண்டு. ‘கொடு’ என்ற சொல்லில் கொம்பு ககரத்துக்கு முன்னே தெரிந்தாலும், ஒருங்குறியில் ககரம்தான் முதலில் வர வேண்டும். பிடிஎஃப் கோப்போ வடிவங்களைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அடுக்குகிறது. உள்ளே சரியான உரையையும் சேர்த்து வைக்காவிட்டால், வெளியே எடுக்கும்போது ‘ெகாடு’ என்று வரும். கொம்பு முன்னே போய்விட்ட சொல்லைக் குரல் திக்கித் திணறிப் படிக்கும். இது எழுத்துருவுக்கு எழுத்துரு, பதிப்புக்குப் பதிப்பு மாறுகிறது. லிப்ரே ஆபீஸ் வழியில் எங்களுக்குக் குறைவாகவே நேர்ந்திருக்கிறது. பிஏசி என்ற இலவசச் சோதனை மென்பொருளில் தேர்ச்சி பெற்ற கோப்பிலும் இந்தக் கோளாறு இருக்கலாம், ஏனென்றால் எழுத்துக்கு இணை குறிப்பிட்டிருக்கிறதா என்றுதான் அது பார்க்கும். அந்த இணை சரிதானா என்று அதற்குத் தெரியாது. கெ, கே, கை, கொ, கோ, கௌ வரும் சொற்களை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். அரை நிமிட வேலை.

அதனால் வாய்ப்பு இருக்கும் இடத்தில் ஈபப் என்ற மின்னூல் வடிவில் கொடுங்கள். பார்வையற்றோருக்கான நூல் வடிவங்களை வளர்க்கும் டெய்சி கன்சார்டியம் என்ற அமைப்பின் வேர்டு டு ஈபப் இலவசம். தலைப்புகள் ஒழுங்காக இருந்தால் பொருளடக்கமும் தானாக அமையும். அதே அமைப்பின் ஏஸ் கருவியால் சோதித்து, தோரியத்தில் திறந்து, என்விடிஏ கொண்டு கேளுங்கள். குறைபார்வை உள்ளவர்களுக்கு இதில் இன்னொரு நன்மை: எழுத்தைப் பெரிதாக்கினால் வரி தானே மடங்கும். வருடிய பிடிஎஃப்பை பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே படிக்க வேண்டும். இவர்களுக்கான கோப்பில் இருபுறமும் சீராக்க வேண்டாம், இடப்புறம் மட்டும் சீராக விடுங்கள். தமிழில் சொற்கள் நீளம். இருபுறமும் இழுத்துக் கட்டினால் நடுவே ஓட்டை விழும், அங்கே கண் வரியைத் தவறவிடும். எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்கட்டும்.

அனுப்பும்போது ஈபப்போடு மூல வேர்டு கோப்பையும் சேர்த்து அனுப்புங்கள். பிரெய்லில் அச்சிடுபவரும், பெரிய எழுத்தில் எடுப்பவரும், பிழை கண்டு திருத்துபவரும் முதலில் கேட்பது அதைத்தான்.