சும்மா இருக்கிற முகம்: ஆறு வாரம் பயன்படுத்திய ஒரு செயலி பற்றி

எனக்கு எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு (உணர்ச்சிகளும் உறவுகளும் நிலையில்லாமல் தத்தளிக்கும் ஒரு மனநலச் சிக்கல்) என்று மருத்துவர் சொல்லி மூன்று வருடம் ஆகிறது. எதிரில் இருப்பவர் ஒரு நொடி முகத்தைத் திருப்பினால் போதும், 'இவருக்கு நம்மைப் பிடிக்கவில்லை' என்று மனசு தீர்ப்பு எழுதிவிடும். அதனால்தான் முகபாவங்களைப் படிக்கப் பழக்கும் செயலி ஒன்றுக்குச் சந்தா கட்டினேன். தினமும் பத்து நிமிடம், ஆறு வாரம்.

முதல் பகுதி வெறும் அறிமுகம். உளவியலாளர் பால் எக்மன் வகுத்த ஆறு அடிப்படை உணர்ச்சிகளான கோபம், பயம், சோகம், மகிழ்ச்சி, அருவருப்பு, வியப்பு எல்லாம் உச்சத்தில் இருக்கும் படங்கள். கிட்டத்தட்ட எல்லாமே சரியாகச் சொன்னேன். எங்களுக்கு முகம் படிக்கவே வராது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. கண்களை மட்டும் காட்டும் 36 படத் தேர்வில், 2009-ல் வெளியான ஓர் ஆய்வில் எங்களைப் போன்றவர்கள் மற்றவர்களைவிட நன்றாகவே செய்திருந்தார்கள். வேறு ஆய்வுகளில் முடிவு நேர்மாறாகவும் வந்திருக்கிறது, அது வேறு கதை.

காசுக்குப் பலன் இரண்டாவது பகுதியில்தான். எந்த உணர்ச்சியும் இல்லாத முகம் மெல்ல மெல்ல மாறும். என்னவென்று தெரிந்ததும் நிறுத்த வேண்டும். நான் பாதி தூரம்கூடப் போகாமல் 'கோபம்' என்று அழுத்துவேன். ஒரு வயதான பெண்ணின் முகம் ஞாபகம் இருக்கிறது. புருவம் லேசாக உள்ளே இழுபட்டதுமே அழுத்திவிட்டேன். படம் ஓடி முடிந்தபோது அவர் அழப் போகிறவர் மாதிரி இருந்தார். அன்று அதற்கு மேல் விளையாடவில்லை.

சரி, குறை என்ன? என் சிக்கலே சும்மா இருக்கிற முகத்தில்தான். அப்படிப்பட்ட முகத்தைக்கூட அச்சுறுத்தலாகப் பார்ப்பது இந்தக் கோளாறில் திரும்பத் திரும்பப் பேசப்படும் விஷயம். ஆனால் இந்தச் செயலியில் அறுபது படத்துக்கு நான்கு படம்தான் அப்படி. தப்பாகச் சொன்னால் சிவப்புப் பெருக்கல் குறியும் ஒரு 'ட்ர்ர்' சத்தமும் வேறு. யார் நிராகரித்தாலும் உடைந்துபோகிறவர்களுக்கென்று செய்த பொருளில் இதை யார் யோசித்து வைத்தார்களோ!

இன்னொன்று, படத்துக்கு முன்பின் எதுவும் இல்லை. போன வாரம் அக்கா நெற்றியைச் சுருக்கிக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வயிறு கலங்கியது. ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று அரை மணி நேரம் அறையில் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் கேட்டே விட்டேன்: "ஏங்க்கா, என் மேல கோபமா?"

"கண்ணாடியை எங்க வெச்சேன்னு தெரியலடி. ஒரு எழுத்தும் புரியல."

உளவியலாளர் மார்ஷா லினஹன் எங்களைப் போன்றவர்களுக்காக உருவாக்கிய இயங்கியல் நடத்தைச் சிகிச்சை (DBT) என்ற பேச்சுச் சிகிச்சையில் 'உண்மையைச் சரிபார்' என்றொரு பயிற்சி உண்டு. நடந்தது எது, நாமாக ஊகித்தது எது என்று பிரித்துப் பார்ப்பது. ஒவ்வொரு படத்துக்கும் கீழே 'வேறு என்ன காரணம் இருக்கலாம்?' என்று ஒரு கேள்வியாவது இந்தச் செயலியில் வைத்திருக்கலாம்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம், அதுவும் இரண்டாவது பகுதிக்காக. சந்தா முடிய இன்னும் பத்து நாள் இருக்கிறது. 'ட்ர்ர்' சத்தத்தை அணைத்துவிட்டேன்.