திருக்கோவில்–பொத்துவில் வழித் தண்ணீர்ப் பந்தல்கள்: நடக்கிறவர் பக்கமிருந்து ஒரு மதிப்பீடு

கச்சான் என்கிற வறண்ட மேல்காற்று வீசத் தொடங்கி, தார் றோட்டில் காலை வைக்க முடியாமல் போகிற நாட்களில்தான் கதிர்காம முருகனிடம் நடந்தே போகிற கதிர்காம நடையும் வருகிறது. தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து கிளம்பி வருகிறவர்கள், வெருகலில் சேர்ந்தவர்கள், மாமாங்கத்தில் ஒரு நாள் தங்கி வந்தவர்கள், காரைதீவில் பிள்ளைகுட்டியோடு ஏறிக்கொண்டவர்கள் எல்லாருக்கும் திருக்கோவிலுக்குப் பிறகு ஒரே றோட்டுத்தான். விநாயகபுரம், தாண்டியடி, சங்கமன்கண்டி, கோமாரி, பொத்துவில். ஊருக்குள் நடக்கும்போது எந்த வீட்டு வாசலிலும் தண்ணீர் கேட்கலாம். இந்தத் துண்டில் பல இடங்களில் வீடே இல்லை. அதனால் கல்முனையில் போடுகிற பத்துப் பந்தலை விடக் கோமாரிக்கு அங்காலே போடுகிற ஒன்றுக்குப் பெறுமதி கூட. இங்கே பேசுவது அந்தப் பந்தல்களைப் பற்றித்தான். யாருடைய பந்தல் என்று பெயர் சொல்லவில்லை. போட்டவர்களுக்குத் தங்கள் பந்தல் எதுவென்று தெரியும்.

முதலில் பார்க்க வேண்டியது பந்தல் திறக்கிற நேரம். நடக்கிறவர்கள் விடியப்புறம் மூன்று, நாலு மணிக்கே வெளிக்கிடுகிறார்கள். பத்து மணிக்குள் ஒரு கோயிலையோ மரத்தடியையோ பிடித்துச் சாய்ந்துவிட்டு, வெயில் தாழ்ந்தபிறகு திரும்ப நடை. ஒன்பது மணிக்குப் பாட்டுப் போட்டு, விளக்கேற்றி, படம் பிடித்துத் திறக்கிற பந்தலைப் பாதிக் கூட்டம் ஏற்கெனவே கடந்து போயிருக்கும். மிஞ்சின சர்பத்தை மோட்டார் சைக்கிளில் போகிறவர்களை மறித்துக் கொடுப்பதை இந்த வழியில் எந்த ஆண்டும் பார்க்கலாம். காசு செலவழித்தவர்களுக்குத் திருப்திதான், நடந்தவருக்கு ஒன்றும் இல்லை. நல்ல பந்தலில் நாலரைக்கு அடுப்பு எரியும். அதற்கு யாரோ இரண்டு மணிக்கு எழும்பியிருக்க வேண்டும்.

அடுத்தது பந்தல் நிற்கிற பக்கம். எதிரே வருகிற வாகனம் கண்ணில் பட வேண்டும் என்பதற்காகத் தெற்கே நடக்கிறவர்கள் றோட்டின் வலப்பக்கத்தால் போவார்கள். பந்தலும் அந்தப் பக்கமே இருக்க வேண்டும். இடம் வசதி என்று மறுபக்கம் போட்டால், பொழுதுபட்ட நேரத்தில் வயதானவர்கள் ஒரு மிடறு தண்ணீருக்காக றோட்டைக் குறுக்கே கடக்கிறார்கள். கூரைக்குத் தென்னோலைக் கிடுகுதான் சரி. நீலத் தறப்பாளின் கீழே பதினொரு மணிக்கு நின்று பார்த்தால் காரணம் விளங்கும். கச்சான் மேற்கிலிருந்து வருவதால் மேற்குப் பக்கத்தைக் கிடுகால் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் பானைக்குள் பாதி மண்.

இனித் தண்ணீர். பந்தலின் பெயரே அதுதான், ஆனால் பெரும்பாலான பந்தல்கள் புள்ளி இழக்கிற இடமும் அதுதான்.

ஒருவர் ஒரு நிறுத்தத்தில் அரை லீற்றர் குடிப்பார் என்று வைத்தால், ஆயிரம் பேருக்கு ஐந்நூறு லீற்றர். குடிக்கிற பேணி கழுவ, முகம் கழுவ, போத்தல் நிரப்ப இன்னும் அதைவிடக் கூடப் போகும். ஆயிரம் லீற்றர்த் தாங்கி ஒன்று காலைக்குத்தான் காணும், பின்னேரத்துக்கு இன்னொரு பவுசர் (தண்ணீர் லொறி) வேண்டும். கிணற்றுத் தண்ணீர் என்றால் குளோரின் போட்டே ஆகவேண்டும். தெளிந்த தண்ணீர் ஆயிரம் லீற்றருக்குப் புதிய பிளீச்சிங் பவுடர் ஏழெட்டுக் கிராம் போதும். அதில் ஏறக்குறைய 30 வீதம் குளோரின் இருப்பதால் லீற்றருக்கு இரண்டு மில்லிகிராம் அளவில் வரும். தூளை அப்படியே தாங்கிக்குள் கொட்டக் கூடாது. ஒரு கோப்பைத் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேல் தெளிவை மட்டும் ஊற்றிக் கலக்கி, அரை மணித்தியாலம் விட வேண்டும். அதன் பிறகும் லீற்றருக்கு அரை மில்லிகிராம் மிஞ்சி நின்றால் தண்ணீர் சரி. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களான பீ.எச்.ஐ.மாரிடம் பார்க்கிற கருவி இருக்கும், கேட்டால் வந்து பார்ப்பார்கள். பிழைக்கிற இடங்கள் இரண்டு. போன வருடத்துப் பக்கற்றைத் திறந்து பாவிக்கிறார்கள், வெக்கையில் கிடந்த தூளில் வீரியம் இருக்காது. அல்லது கலங்கல் தண்ணீரில் போடுகிறார்கள், குளோரின் முழுவதையும் அந்தக் கலங்கலே குடித்துவிடும்.

மூன்றாவது பிழை ஒன்று உண்டு, அதைச் செய்கிறவர்களுக்கே தெரியாது. குளோரின் போட்ட கையோடு தேசிக்காய் பிழிகிறார்கள். தேசிப்புளியில் இருக்கிற விற்றமின் சீ குளோரினை அப்போதே அழித்துவிடும். கிருமி செத்திருக்காது, ஆனால் மருந்து போட்டோம் என்ற நிம்மதி மட்டும் இருக்கும். அந்த அரை மணித்தியாலம் பொறுத்துவிட்டுத்தான் பிழிய வேண்டும்.

ஐஸ் விஷயத்தில் விட்டுக்கொடுக்க முடியாது. கரையோரத்தில் லேசாகக் கிடைக்கிற கட்டி ஐஸ் மீன்பெட்டிக்குச் செய்தது. எந்தத் தண்ணீரில் உறைந்தது, எந்தச் சாக்கில் இழுபட்டு வந்தது என்று கேட்டால் பதில் வராது. அதை உடைத்துச் சர்பத்துக்குள் போட்டுவிட்டு, பொத்துவில் தாண்டிப் பாணமைக்கு அங்காலே காட்டுக்குள் ஒருவருக்கு வயிற்றோட்டம் வந்தால் அவர் கதி என்ன? குளிர வைக்க மண்பானை போதும். புதுப் பானையை ஒரு நாள் ஊறவிட்டு, ஈர மணலில் இருத்தி, ஈரத் துணி சுற்றினால், கச்சான் மாதிரி வறண்ட காற்றுக்குப் பானை நன்றாகக் கசிந்து குளிரும். வெளியே பெயின்ற் அடித்து ஓம் எழுதிய பானை குளிராது, நுண்துளை எல்லாம் அடைபட்டுப் போயிருக்கும். ஓம் என்பதைத் துணியில் எழுதலாம்.

சர்பத்தைப் பற்றி நடக்கிறவர்களிடம் கேட்டால் ஒரே முறைப்பாடு: இனிப்பு. நூறு லீற்றருக்குப் பத்துக் கிலோ சீனி கொட்டினால் குடித்த அரை மணியில் திரும்பவும் தாகம். மூன்று கிலோ சீனி, இருநூறு கிராம் உப்பு, தேசிக்காய் நூறு, இதுதான் வியர்த்து வருகிறவருக்கு ஏற்றது. நிறம் இருக்காது, கசகசா மிதக்காது, படத்தில் எடுபடாது. நீரிழிவுக்காரருக்கும் பிரஷர்க்காரருக்கும் ஒன்றும் போடாத பானை ஒன்று கட்டாயம் தனியாக இருக்க வேண்டும்.

மோரில் நம் பக்கத்துக்கு நிகர் இல்லை. எருமைத் தயிர் ஒரு பங்கு, தண்ணீர் நாலு பங்கு, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, உப்பு. இருபது லீற்றருக்கு மேல் ஒரே தடவையில் கரைக்காமல், தீரத் தீரக் கரைக்கிற பந்தலில் குடியுங்கள். மத்தியானம் வரைக்கும் நிற்கிற பெரலில் குடிக்க வேண்டாம்.

கஞ்சிக்கு வருவோம். முந்நூறு மில்லிலீற்றர்ப் பேணியால் இருநூற்றைம்பது பேருக்கு: சிவப்புப் பச்சையரிசி 10 கிலோ, பயறு 2 கிலோ, தேங்காய் 15, தண்ணீர் 65 முதல் 70 லீற்றர். பயறு முதலில் அரைவாசி வெந்த பிறகுதான் அரிசி. தண்ணீர் கொதிக்க முன்பு அரிசியைப் போட்டால் கிடாரத்தின் அடியில் பிடிக்கும், பிடித்த மணம் கடைசிப் பேணி வரைக்கும் போகாது. பால் கடைசியில், கொதி அடங்கிய பிறகு. இங்கேதான் கைப்பழக்கம் தெரியும். முழுக் கிடாரத்துக்கும் ஒரேயடியாகப் பால் விட்டவர்களின் கஞ்சி இரண்டு மணித்தியாலத்தில் மாறத் தொடங்கும். தெரிந்தவர்கள் வாளியில் எடுத்துப் பரிமாறுகிற அளவுக்கு மட்டும் பாலும் உப்பும் சேர்ப்பார்கள். மிஞ்சின வெறுங்கஞ்சியைத் திரும்பக் கொதிக்க வைக்கலாம், பால் விட்டதை அப்படிச் செய்ய முடியாது.

பேணியைப் பார்த்துத்தான் ஒரு பந்தலுக்குப் புள்ளி போடலாம் என்பது இந்த மதிப்பீட்டின் துணிபு. 2023 ஒக்டோபர் 1 முதல் ஒருமுறை பாவித்து வீசுகிற பிளாஸ்ரிக் கோப்பைக்கும் தட்டுக்கும் நாட்டில் தடை. ஆனாலும் சில பந்தல்களுக்குக் கீழே காற்றடிக்கிற திசையெல்லாம் வெள்ளைக் கோப்பை உருண்டு கிடக்கிறது. காரணம் விலை இல்லை. சில்வர்ப் பேணி என்றால் யாராவது கழுவ வேண்டும்.

கோமாரிக்குத் தெற்கே ஒரு சின்னக் கிடுகுப் பந்தல். பெனர் இல்லை, ஸ்பீக்கர் இல்லை. பின்பக்கம் மூன்று வாளி: ஒன்றில் சவர்க்காரத் தண்ணீர், ஒன்றில் நல்ல தண்ணீர், மூன்றாவதில் பத்து லீற்றருக்கு இரண்டு கிராம் பிளீச்சிங் பவுடர். கழுவின பேணியை மூன்றாவதில் இரண்டு நிமிடம் அமிழ்த்தி, துடைக்காமல், மூங்கில் தட்டில் கவிழ்த்துக் காயவிடுகிறார்கள். துடைக்கிற துணிதான் அழுக்கைத் திரும்பக் கொண்டுவரும் என்று தெரிந்தவர்கள். வாளிக்கு முன்னால் பலகையில் இருக்கிற பெண் அன்றைக்குக் கூலிக்குப் போயிருந்தால் வீட்டில் இரண்டு நாள் கறிபுளிக்குக் காசு வந்திருக்கும். கையுறை போட்டும் மணிக்கட்டுத் தோல் வெளுத்துச் சுருங்கிப் போயிருக்கிறது. முன்பக்கத்தில் ஒரு பெடியன் றோட்டைப் பார்த்து, “கொஞ்சம் இருந்து தண்ணி குடிச்சிப்போட்டு மறுகா நடங்க சாமி” என்கிறான். குடித்தவர் மடியிலிருந்து திருநீற்றுப் பையை எடுத்து அவன் நெற்றியில் பூசிவிட்டு, அரோகரா சொல்லிப் போகிறார்.

பந்தல் போடுகிறவர்கள் தேடி வருகிற மனநிறைவு அந்தத் திருநீறுதான். அது முன்னுக்கு நிற்கிறவருக்குத்தான் கிடைக்கும். கைத்தோல் போவது பின்னுக்கு. இந்தச் சின்னப் பந்தலில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஆள் மாறுகிறார்கள். கழுவினவர் முன்னே வருகிறார், கொடுத்தவர் வாளிக்குப் போகிறார். கைக்கும் நல்லது, நெற்றிக்கும் நல்லது. ஆயிரம் பேர் கடக்கிற நாளில் நூற்றைம்பது பேணி, கழுவ மூன்று பேர், இப்படி மாறுவதற்கு இன்னும் மூன்று பேர் இருந்தால் சமாளிக்கலாம். பெரிய பந்தல்களில் நன்கொடையாளர் பெயர் பத்தடிக்கு எழுதியிருக்கும், கழுவுகிற ஆட்களைச் சம்பளத்துக்குப் பிடித்திருப்பார்கள். தவறொன்றும் இல்லை. ஆனால் பின்னேரம் நாலு மணிக்கு அவர்கள் போய்விடுவார்கள், அதன்பிறகு பேணி எப்படி இருக்கிறது என்று போய்ப் பாருங்கள்.

கால் கழுவிவிடுகிற சேவையும் சில பந்தல்களில் உண்டு. சுடுநீரில் முதலில் தன் முழங்கையை வைத்துப் பார்க்கிறவரிடம் காலைக் கொடுக்கலாம். நீரிழிவால் பாதம் மரத்தவருக்குச் சூடு தெரியாது, உள்ளங்காலில் முள் ஏறியதும் தெரியாது, அதனால் பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். கொப்புளத்தை ஊசியால் குத்துவதும் எண்ணெய் தடவுவதும் வேண்டாம். சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, சுத்தமான துணியால் மூடிக் கட்டினால் போதும்.

இன்னொரு சின்ன விஷயம். “இன்னும் ஒரு பேணி குடிங்க சாமி” என்று கையைப் பிடித்து வற்புறுத்துவது. வயிறு முட்டக் குடித்துவிட்டு வெயிலில் நடக்க முடியாது. கொடுக்கிறவரின் ஆசைக்காக நடக்கிறவர் குடிக்கிறார். வேண்டாம் என்றால் விடுகிற பந்தலுக்கு ஒரு புள்ளி கூட.

மொத்தத்தில் பத்துக்குப் புள்ளி போட்டால், அந்தக் கிடுகுப் பந்தலுக்கு ஒன்பது. ஒன்று குறைந்தது நிழலில் இருக்க வாங்கு காணாததற்கு. பெனர் கட்டின பெரிய பந்தல்களுக்கு ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில். அதில் மூன்று மோருக்கு.

காட்டு நடை தொடங்குகிற உகந்தையில் பாதை திறந்து பெரிய கூட்டம் உள்ளே போனதும் பந்தல்களைப் பிரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். கால் ஏலாதவர்களும், வழியில் காய்ச்சலில் படுத்துப் பிந்தினவர்களும் அதற்குப் பிறகும் ஒருவர் இருவராக வந்துகொண்டிருப்பார்கள். கிடுகைக் கழற்றினாலும் இரண்டு பானையையும் நாலு பேணியையும் மரத்தடியில் விட்டு, காலையிலும் பின்னேரமும் யாராவது சைக்கிளில் வந்து தண்ணீர் மாற்றிவிட்டுப் போனால் நல்லது. மூடியை மறக்க வேண்டாம், குரங்கு வரும்.