எச்சில் மாதிரி டிஎன்ஏ கிட்: வம்சாவளி முடிவுகளை எவ்வளவு நம்பலாம்?

பெட்டிக்குள் புனல் மூடி வைத்த குழாய், தனி மூடி, பதிவு எண் ஸ்டிக்கர். அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாமல், குடிக்காமல், புகைக்காமல் இருந்துவிட்டு, கோடு வரை எச்சில் நிரப்ப வேண்டும். நுரையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அளவு குறைவதற்கு அதுதான் பெரும்பாலும் காரணம். புனல் மூடியைச் சத்தம் வரும்வரை அழுத்தினால்தான் அதற்குள் இருக்கும், டிஎன்ஏவைப் பாதுகாக்கும் திரவம் இறங்கும். அது கலக்காவிட்டால் வழியிலேயே டிஎன்ஏ சிதைந்து, மறு மாதிரி கேட்பார்கள்.

மாதிரி எடுப்பது சுலபம். சிக்கல் முடிவுகளில்தான். ஆய்வகம் டிஎன்ஏ சிப் என்ற சோதனைத் தகட்டில் டிஎன்ஏவின் சில லட்சம் இடங்களை மட்டுமே படிக்கிறது. முழு மரபணுத் தொகுதியை அல்ல. "இந்தப் பகுதி 38%" என்று வருவது, நிறுவனத்திடம் உள்ள ஒப்பீட்டு மாதிரிகளோடு பொருத்திப் பார்த்த மதிப்பீடு. அந்தத் தொகுப்பில் உங்கள் மக்கள் குறைவாக இருந்தால் பக்கத்துக் குழுவின் பெயர் ஒட்டிக்கொள்ளும். தொகுப்பைப் புதுப்பித்தால் சதவீதமும் மாறும். உடன்பிறந்தவர்களுக்கே வேறு வேறு எண்கள் வரும், அது பிழையல்ல.

இத்தாலிய மரபியலாளர் லூகா கவாலி-ஸ்ஃபோர்சா 1960-களில் ரத்த வகை விகிதங்களை வைத்து, மக்கள் குழுக்கள் எப்படிப் பிரிந்தன என்பதைக் காட்டும் கிளை மரங்கள் வரைந்தார். அவர் ஒப்பிட்டது குழுக்களை, தனி நபர்களை அல்ல. 1972-இல் அமெரிக்க மரபியலாளர் ரிச்சர்ட் லெவொன்டின், மனித வேறுபாட்டில் சுமார் 85% ஒரே மக்கள் குழுவுக்குள்ளேயே இருப்பதாகக் கணக்கிட்டார். இந்த எண்ணை முடிவுப் பக்கத்தின் மேலேயே அச்சிட வேண்டும் என்பேன்.

உங்கள் டிஎன்ஏவை மற்ற வாடிக்கையாளர்களுடையதோடு ஒப்பிட்டு உறவினரைக் கண்டறியும் உறவினர் பொருத்தம், வம்சாவளி சதவீதத்தைவிட நம்பகமானது, குறிப்பாக நெருங்கிய உறவுகளில். வாங்கும் முன் மாதிரியை அழிக்கவும் தரவை நீக்கவும் வழி இருக்கிறதா என்று பாருங்கள்.