பழைய லேப்டாப்பை அப்கிரேட் பண்ணக் கொடுக்கிறீர்களா? ரூ.7,800 வாங்கிக்கொண்டு ஒரு கடை செய்த வேலையைப் படித்துவிட்டுப் போங்கள்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு, வீட்டில் கிடக்கும் பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகிறவர்கள் நிறைய. "ரேம், எஸ்எஸ்டி, பேட்டரி, விண்டோஸ் 11, சர்வீஸ் எல்லாம் சேர்த்து மொத்தமா இவ்வளவு" என்று பேக்கேஜ் ரேட் பேசும் கடைகளும் கூடவே பெருகிவிட்டன. நேர்மையாகச் செய்து கொடுக்கும் கடைகள் உண்டு. ஆனால் எந்தப் பாகத்துக்கு எவ்வளவு என்று பிரிக்காமல் விலை பேசும் இடத்தில்தான் ஏமாற்ற வசதி அதிகம். அப்படி ஏமாந்த ஒரு லேப்டாப்பைத் திறந்து பார்த்ததில் கிடைத்த விவரம் இது. கடையின் பெயர் வேண்டாம், இதே வேலை பல ஊர்களில் நடக்கிறது.

லேப்டாப் லெனோவோ திங்க்பேட் டி450, 2015-இல் வந்த மாடல், ஐ5-5300யு ப்ராசஸர். கல்லூரியில் சேர்ந்த மகளுக்காக அவள் அப்பா சென்னையில் ஒரு கடையில் கொடுத்திருக்கிறார். உள்ளே போகும்போது அதில் இருந்தவை: சாம்சங் 4 ஜிபி ரேம் இரண்டு, நன்றாக ஓடிக்கொண்டிருந்த 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், தளர்ந்துபோன பேட்டரிகள், முறையாக ஆக்டிவேட் ஆன விண்டோஸ் 10 ப்ரோ. வெளியே வந்தபோது 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான டிரைவ்), "புது" பேட்டரி, விண்டோஸ் 11. பில்லில் ஒரே வரி: லேப்டாப் அப்கிரேட், ரூ.7,800. சீரியல் நம்பர் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை.

ஆன் செய்து பார்த்தால் 16 ஜிபி காட்டும், 476 ஜிபி காட்டும். (512 என்று விற்கும் டிரைவ் விண்டோஸில் 476 என்றுதான் தெரியும். அது மோசடி இல்லை, கணக்கிடும் முறை வேறு.) எண்கள் சரியாக இருப்பதால் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். கோளாறு அந்த எண்களுக்குப் பின்னால் இருக்கிறது.

முதலில் ரேம். டி450-க்கு வேண்டியது டிடிஆர்3எல் என்ற குறைந்த வோல்ட் ரேம், 1.35 வோல்ட், 1600 வேகம். ஸ்டிக்கரில் பிசி3எல்-12800 என்று இருக்க வேண்டும். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் வேகம் 1333 என்று இருந்தது. சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில், ஒவ்வொரு ரேமின் விவரத்தையும் தனித்தனியாகக் காட்டும் எஸ்பிடி பக்கத்தைப் பார்த்ததும் காரணம் புரிந்துவிட்டது: ஒரு ஸ்லாட்டில் 1600, இன்னொன்றில் 1333. இரண்டும் சேர்ந்து இருந்தால் மெதுவானதன் வேகத்துக்குத்தான் இரண்டும் ஓடும். கழற்றிப் பார்த்தால், புது ஸ்டிக்கரின் ஓரத்துக்குக் கீழே பழைய ஸ்டிக்கரின் விளிம்பு மேடாகத் தெரிகிறது. தங்க முலாம் பூசிய கால்களில் ஸ்லாட்டில் பல முறை ஏறி இறங்கிய கோடுகள் ஒவ்வொன்றிலும் நேராக விழுந்திருக்கின்றன. புது ரேமில் அதிகபட்சம் தொழிற்சாலைச் சோதனைக்குச் செருகிய மெல்லிய தடம் இருக்கும், இப்படித் தேய்ந்திருக்காது. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ மென்பொருளை ஓடவிட்டதில் முதல் சுற்று முடிவதற்குள் சிவப்பில் பிழைகள் வந்துவிட்டன.

ரேமில் பிழை இருந்தால் லேப்டாப் எப்போதாவது நீலத் திரையோடு நிற்பது மட்டும் நஷ்டமில்லை. டிஸ்க்குக்குப் போகும் எல்லாமே ரேம் வழியாகத்தான் போகிறது. ப்ராஜெக்ட் ஃபைல், போட்டோ எது வேண்டுமானாலும் சத்தமில்லாமல் கெட்டுப்போய்ச் சேவ் ஆகும். கெட்டது பல மாதம் கழித்துத்தான் தெரியவரும். 2025 கடைசியில் ரேம் விலை எக்கச்சக்கமாக ஏறிய பிறகு, ஸ்கிராப்பில் வரும் ரேமுக்கு ஸ்டிக்கர் மாற்றி விற்பதில் லாபமும் ஏறிவிட்டது. நல்ல நிலையில் இருந்த சாம்சங் ரேம் இரண்டையும் கடை திருப்பித் தரவே இல்லை.

இதோடு சேர்த்து இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். இன்டெல் 4, 5-ஆம் தலைமுறை யு வரிசை (ப்ராசஸர் எண் யு என்று முடிபவை) லேப்டாப்புகளில் 1.5 வோல்ட் டிடிஆர்3 ரேம் வேலை செய்யாது. ஸ்லாட்டில் சரியாக உட்காரும், இரண்டுக்கும் 204 கால்கள்தான், ஆனால் திரை வராது. இந்த வகை லேப்டாப்பில் பழைய 1.5 வோல்ட் ரேமைப் போட்டுவிட்டு "போர்டு போச்சு சார், சிப் லெவல் வேலை" என்று கூடுதல் பணம் கேட்பதும் நடக்கிறது. அப்படிச் சொன்னால் உங்கள் பழைய ரேமைத் திரும்பப் போட்டு ஆன் செய்யச் சொல்லுங்கள். ஆன் ஆனால் போர்டு நன்றாக இருக்கிறது.

அடுத்து எஸ்எஸ்டி. பேர் தெரியாத பிராண்டின் பளபளப்பான ஸ்டிக்கர். டிரைவின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளைத் திறந்தால் பவர் ஆன் ஹவர்ஸ், அதாவது ஓடிய மொத்த மணிநேரம், 14,212. இந்த "புது" டிரைவ் ஏற்கெனவே ஒரு வருஷம் ஏழு மாதத்துக்குச் சமமான நேரம் இடைவிடாமல் ஓடியிருக்கிறது. புது டிரைவில் இந்த எண் பூஜ்யத்தையோ, சோதனை நேரத்தையும் சேர்த்து ஒற்றை இலக்கத்தையோ பொதுவாகத் தாண்டாது. பெரிய ஃபைல் ஒன்றை நகலெடுத்தபோது முதல் சில ஜிபிக்கு நொடிக்கு 400 எம்பிக்கு மேல் ஓடிவிட்டு, பிறகு 40-க்கு விழுந்துவிட்டது. அது ஹார்ட் டிஸ்க்கைவிடக் குறைவு. சாட்டா என்ற இணைப்பு முறையில் ஓடும் இந்த வகை டிரைவின் உச்ச வேகம் நொடிக்கு 550 எம்பி அளவு. மலிவு டிரைவில் கேஷ் (வேகமான தற்காலிக இடம்) நிரம்பியதும் வேகம் குறைவது உண்டுதான், ஆனால் இந்த அளவு சரிவு தேய்ந்த அல்லது கழித்துவிட்ட ஃப்ளாஷ் சிப்பின் அடையாளமாக இருக்கலாம்.

மணிக்கணக்கைப் பூஜ்யமாக்கி விற்கிறவர்களும் இருப்பதால் அந்த எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். 128 ஜிபி சிப்பை வைத்துக்கொண்டு 512 என்று பொய் சொல்லும் டிரைவுகள் உண்டு. அதைப் பிடிக்க நம்பகமான வழி முழுக்க எழுதித் திரும்பப் படிப்பது: அதற்கான மென்பொருள் விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3. நேரம் பிடிக்கும், ராத்திரி ஓடவிட்டுப் படுத்துவிடுங்கள். டிரைவில் உங்கள் ஃபைல்களை ஏற்றுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது இது.

இதையெல்லாம்விட எங்களுக்குக் கோபம் வரவைத்தது பழைய ஹார்ட் டிஸ்க் விஷயம்.

"தம்பி, பழைய டிஸ்க்கைக் குடுத்துருங்க."

"அது டெட் ஆயிடுச்சு சார். எக்ஸ்சேஞ்சுல கழிச்சுதான் உங்களுக்கு இந்த ரேட்டே போட்டிருக்கோம்."

கொடுத்த அன்று காலை வரை ஓடிய டிஸ்க் அது. அதிலிருந்த ஃபைல்களை எஸ்எஸ்டிக்கு மாற்றிக் கொடுத்ததும் அதே கடைதான். செத்த டிஸ்க்கிலிருந்து எப்படிக் காப்பி வந்தது? குடும்பத்தின் ஆதார் ஸ்கேன், பாஸ்புக் பக்கங்கள், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், மகளின் படங்கள் எல்லாம் இப்போது யாரிடம் இருக்கிறது என்று தெரியாது. ஃபார்மட் பண்ணிவிட்டோம் என்று சொன்னாலும் அர்த்தமில்லை. க்விக் ஃபார்மட் செய்த ஹார்ட் டிஸ்க்கிலிருந்து இலவச மென்பொருளே பெரும்பாலானதை மீட்டுவிடும். பழைய டிஸ்க்குக்கு எக்ஸ்சேஞ்ச் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். சில நூறு ரூபாய்க்காக அதைக் கொடுக்கவே கூடாது.

பேட்டரிக்கு வருவோம். டி450-இல் இரண்டு பேட்டரி: உள்ளே 23 வாட்-அவர் அளவில் ஒன்று, பின்பக்கம் கழற்றக்கூடிய ஒன்று. பேட்டரி மாற்றியாகிவிட்டது என்றார்களே தவிர உள்ளே இருப்பதைத் தொடவே இல்லை. பின்பக்கத்து 6 செல் பேட்டரியின் இணைப்புக் கோட்டில் பசை வழிந்து காய்ந்திருந்தது. பழைய கூட்டைப் பிளந்து, மலிவான 18650 செல்களை (உருளை வடிவ லித்தியம் செல்கள்) போட்டு ஒட்டியிருக்கிறார்கள். விண்டோஸ் தரும் பேட்டரி ரிப்போர்ட்டில் டிசைன் கெபாசிட்டி 47,520, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டியும் அதே 47,520, பத்து தடவை சார்ஜ் ஏற்றிய பிறகும் ஓர் எண்கூட மாறவில்லை. உண்மையான பேட்டரியில் இந்த இரண்டாவது எண் கொஞ்சம் கொஞ்சமாக அசையும். நிஜத்தில் 45 சதவீதத்திலிருந்து ஒரேயடியாக 7-க்கு விழுந்தது. செல்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாதபோது, பலவீனமான செல் முதலில் காலியாகி மொத்தத்தையும் கீழே இழுப்பதால் வருவது இது. சூடானால் வீங்கும். இப்படிப்பட்ட பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்க வேண்டாம்.

இந்த ரிப்போர்ட்டை நீங்களே எடுக்கலாம். கமாண்ட் ப்ராம்ப்ட்டில் பவர்சிஎஃப்ஜி என்று ஆங்கிலத்தில் அடித்து, ஒரு ஸ்பேஸ் விட்டு, ஸ்லாஷ் போட்டு, பேட்டரிரிப்போர்ட் என்று இடைவெளி இல்லாமல் அடித்தால் ஃபைல் எங்கே சேமித்தது என்று காட்டும்.

விண்டோஸ் 11-க்கு ரூ.1,200 என்று வாயால் சொல்லியிருக்கிறார்கள். மிகச் சில விதிவிலக்குகள் தவிர, இன்டெலில் 8-ஆம் தலைமுறைக்கு முந்தைய ப்ராசஸர்களை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. டி450-இல் இருப்பது 5-ஆம் தலைமுறை. சோதனையைத் தாண்டவைத்து இன்ஸ்டால் செய்யலாம், ஓடும். ஆனால் அப்டேட்டுக்கு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தராது, வருடாந்தரப் பெரிய அப்டேட் தானாக வராது. அதைச் சொல்லாமல் விற்றது தவறு. லைசென்ஸும் போலி. ரன் பெட்டியில் எஸ், எல், எம், ஜி, ஆர், ஒரு ஸ்பேஸ், ஸ்லாஷ், எக்ஸ், பி, ஆர் என்று ஆங்கிலத்தில் அடித்தால், நிரந்தரமாக ஆக்டிவேட் ஆனதா, ஏதாவது தேதியில் முடிகிறதா என்று சொல்லும். இதில் 180 நாளுக்குள் முடியும் தேதி வந்தது. அலுவலகங்களுக்கான கேஎம்எஸ் என்ற ஆக்டிவேஷன் முறையைக் கிராக் மூலம் ஏமாற்றியதன் அடையாளம் அது. அந்தக் கிராக்கை ஓட்ட ஆன்டிவைரஸையும் அணைத்து வைத்திருந்தார்கள். இந்த லேப்டாப்பில் ஏற்கெனவே விண்டோஸ் 10 ப்ரோவின் டிஜிட்டல் லைசென்ஸ் இருந்தது. அது மதர்போர்டோடு சேர்ந்தது, டிஸ்க்கை மாற்றி அதே ப்ரோவைப் போட்டாலும் இன்டர்நெட் வந்ததும் தானாக ஆக்டிவேட் ஆகும். பைசா செலவில்லை. விண்டோஸ் 10-க்குக் கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டுகளைத் தனிநபர்கள் 2026 அக்டோபர் 13 வரை பெறப் பதிவு செய்துகொள்ளும் வசதியையும் மைக்ரோசாஃப்ட் கொடுத்தது. அது வேண்டாம் என்றால் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் இந்த லேப்டாப்பில் அருமையாக ஓடும்.

உண்மையில் இதற்கு 16 ஜிபி தேவையே இல்லை. கல்லூரி வேலைக்கு இருந்த 8 ஜிபி போதும். அதுவும் 4+4 என்று இரண்டு சேனலில் இருந்தது, 8 ஜிபி ஒரே ரேமாக இருப்பதைவிட அதுவே மேல். ஒரு நல்ல சாட்டா எஸ்எஸ்டியும் பேட்டரியும் மட்டும் வாங்கியிருந்தால் லேப்டாப் புதுசு மாதிரி ஆகியிருக்கும்.

எஸ்எஸ்டியை நீங்களே மாட்டலாம், கஷ்டமில்லை. ஜிஎஸ்டி பில்லோடு, நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் வாங்குங்கள். பெட்டியைப் பிரித்ததும் சீரியல் நம்பரை நிறுவனத்தின் வாரன்டி பக்கத்தில் சரிபாருங்கள். திங்க்பேட் டி450 போல உள்ளே பேட்டரி இருக்கும் மாடல்களில் கழற்றுவதற்கு முன் ஒரு வேலை முக்கியம்: ஆன் செய்யும்போது எஃப்1 அழுத்தி பயாஸ் என்ற அடிப்படை செட்டிங்ஸ் திரைக்குள் போய், கான்ஃபிக், பவர் பகுதியில் டிஸேபிள் பில்ட்-இன் பேட்டரி என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். லேப்டாப் தானாக அணையும். பிறகு சார்ஜரை எடுத்துவிட்டு, பின்பேட்டரியைக் கழற்றி, அடி மூடியின் ஸ்குரூக்களைத் தளர்த்தி, பழைய ஏடிஎம் கார்டு ஒன்றால் ஓரத்தை மெல்லக் கிளப்பினால் திறந்துவிடும். கடைக்காரர் ஸ்குரூ டிரைவரால் நெம்பியதில் இந்த லேப்டாப்பின் மூடியில் இரண்டு கிளிப் உடைந்திருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கைப் பிடித்திருக்கும் உலோகத் தாங்கியைக் கழற்றி எஸ்எஸ்டியில் மாட்டி, அதே இடத்தில் செருகினால் முடிந்தது. 7 மில்லிமீட்டர் தடிமன் உள்ள டிரைவ்தான் உட்காரும். வேலை முடிந்து சார்ஜரைச் செருகியதும் உள் பேட்டரி தானாக உயிர்பெறும். எம்.2 ஸ்லாட் (சின்னப் பட்டை வடிவ எஸ்எஸ்டி செருகும் இடம்) உள்ள லேப்டாப்பாக இருந்தால், அது சாட்டாவா, அதைவிட வேகமான என்விஎம்இ முறையா என்று மாடலின் சர்வீஸ் மேனுவலில் பார்க்காமல் வாங்காதீர்கள். செருகினால் நுழையும் என்பதற்காக வேலை செய்யும் என்று சொல்ல முடியாது.

கடையில்தான் கொடுக்க வேண்டும் என்றால், ஹார்ட் டிஸ்க்கை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுக் கொடுங்கள். ரேம், பேட்டரி இரண்டின் ஸ்டிக்கரையும் சீரியல் நம்பர் தெரியும்படி போட்டோ எடுங்கள். ஒவ்வொரு பாகத்தின் பிராண்டு, சீரியல் நம்பர், விலை, வாரன்டி தனித்தனி வரியாக பில்லில் வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போங்கள். வாங்கும்போது பணம் கொடுப்பதற்கு முன், சிபியு-இசட், கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ இரண்டையும் பென் டிரைவில் கொண்டுபோய் அங்கேயே திறந்து பாருங்கள். ஐந்து நிமிஷ வேலை. நேர்மையான கடைக்காரர் கோபப்பட மாட்டார்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: ஸ்கிரீன்ஷாட்டுகளில் தேதி தெரியும்படி எடுத்து வைத்துக்கொண்டு, முதலில் கடைக்கு எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப்பிலாவது. பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் வழக்குப் போடலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். பில் ஒரே வரியாக இருந்தாலும், யுபிஐயில் பணம் போன விவரம் கைகொடுக்கும்.

இந்தக் குடும்பத்துக்கு, சிபியு-இசட் படங்களை அனுப்பிய மறுநாள் சாம்சங் ரேம் இரண்டும் ரூ.3,000-மும் திரும்பி வந்தன. ஹார்ட் டிஸ்க் இன்னும் வரவில்லை. அதில் இருந்த பாஸ்வேர்டுகள் அத்தனையையும் மாற்றி, ஆதார் பயோமெட்ரிக்கை லாக் செய்து, வங்கியில் தகவல் கொடுத்திருக்கிறார்கள். டிஸ்க்கைக் கேட்டுத்தான் ஆணையத்தில் மனு தயாராகிறது.