சி.பி.சி.யா, சி.சி.எஸ்.ஸா: எந்தத் தேர்வை முதலில் எழுதுவது?

மருத்துவக் குறிப்புகளில் உள்ள நோயையும் சிகிச்சையையும் குறியீடுகளாக மாற்றுகிற மெடிக்கல் கோடிங் வேலைக்குச் சென்னையில் சேர்ந்து ஓராண்டு நிறைவதற்குள், எந்தச் சான்றிதழ்த் தேர்வை முதலில் எழுதுவது என்ற கேள்வி ஏறக்குறைய எல்லோருக்கும் வந்துவிடுகிறது. ஏ.ஏ.பி.சி. என்ற அமெரிக்க அமைப்பு நடத்தும் சி.பி.சி. ஒரு பக்கம், அஹிமா என்ற மற்றோர் அமெரிக்க அமைப்பு நடத்தும் சி.சி.எஸ். மறுபக்கம். உயிர்வேதியியல் பட்டத்துடன் இத்துறைக்கு வந்த நான் 2019-இல் சி.பி.சி. எழுதித் தேர்ச்சி பெற்றேன். பின்னர் 2022-இல் சி.சி.எஸ். தேர்வுக்காக ஐந்து மாதங்கள் படித்துவிட்டு, தேர்வு எழுதாமலேயே நிறுத்திக்கொண்டேன். ஆகவே இந்த அலசலில் நான் நடுநிலையாளன் அல்லன். புதிதாக வருகிறவர் முதலில் சி.பி.சி. எழுதுவதே நல்லது என்பது என் முடிவு.

எல்லோரும் அறிந்த வேறுபாடுகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். சி.பி.சி. பெரும்பாலும் மருத்துவரின் சேவைக்கும் வெளிநோயாளர் சிகிச்சைக்கும் உரியது: நான்கு மணி நேரம், நூறு வினாக்கள், எழுபது சதவீதம் எடுத்தால் தேர்ச்சி, குறியீட்டு நூல்களைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம். சி.சி.எஸ். உள்நோயாளர், வெளிநோயாளர் இரண்டையும் சோதிக்கிறது. மருத்துவக் குறிப்புகளைப் படித்து விடையளிக்கும் பகுதியும் அதில் உண்டு. நோயைக் குறிக்க இரண்டு தேர்வுக்கும் ஐ.சி.டி.-10-சி.எம். என்ற குறியீட்டுத் தொகுப்புதான். சிகிச்சை முறைக்கு சி.பி.சி.யில் சி.பி.டி. என்ற தொகுப்பு; சி.சி.எஸ்.ஸில் அதனுடன் உள்நோயாளர் சிகிச்சைக்கான ஐ.சி.டி.-10-பி.சி.எஸ்.ஸும் சேர்கிறது. லேப்ராஸ்கோப்பி வழியாகப் பித்தப்பையை அகற்றுவதற்கு சி.பி.டி.யில் 47562 என்ற ஓர் எண்ணைத் தேடி எடுத்தால் போதும். பி.சி.எஸ்.ஸில் பிரிவு, உடல் மண்டலம், செயல், உறுப்பு, அணுகுமுறை எனத் தொடங்கும் ஏழு இடங்களையும் நாமே ஒவ்வொன்றாக நிரப்ப வேண்டும்.

கடினம், எளிது என்ற கணக்கைவிட முக்கியமானதாக நான் கருதுவது, கற்றதைத் தக்கவைப்பது. இந்தத் தொழிலில் படித்து முடித்தேன் என்று ஒருநாளும் சொல்ல முடியாது. அக்டோபர் 1 வந்தால் ஐ.சி.டி. மாறும், ஜனவரி 1 வந்தால் சி.பி.டி. மாறும். அந்த மாற்றங்களைச் சுற்றறிக்கையில் படிப்பதால் மட்டும் அவை மனத்தில் தங்குவதில்லை. கையில் வருகிற சார்ட்டில், அதாவது நோயாளியின் மருத்துவக் குறிப்பில், அவற்றைப் பயன்படுத்த வேண்டியிருந்தால்தான் தங்குகின்றன. 2021-இல் வெளிநோயாளர் சந்திப்புகளுக்கான விதிகள் தலைகீழாக மாறின. நோய் வரலாற்றையும் உடல் பரிசோதனையையும் புள்ளி புள்ளியாக எண்ணிச் சந்திப்பின் நிலையை முடிவு செய்த முறை போய், மருத்துவர் எடுத்த முடிவின் சிக்கலையோ அன்று செலவிட்ட மொத்த நேரத்தையோ வைத்து முடிவு செய்யும் முறை வந்தது. 99201 என்ற குறியீடே நீக்கப்பட்டது. முதல் வாரத்தில் எங்கள் குழுவில் அனைவருக்கும், போட்ட குறியீடுகளைச் சரிபார்க்கும் ஆடிட்டில் பிழைகள் குவிந்தன. ஆனால் நாள்தோறும் அதே வகைச் சார்ட்டுகள் வந்ததால் மாத இறுதிக்குள் புதிய விதி கைக்குப் பழகிவிட்டது. 2023-இல் அதே அணுகுமுறை மருத்துவமனைச் சந்திப்புகளுக்கும் விரிந்தபோது எங்களில் எவரும் தடுமாறவில்லை.

பி.சி.எஸ். விஷயத்தில் இதற்கு நேர்மாறாக நடந்தது. 2022-இல் அதை ஆசையோடு படித்தேன். உறுப்பின் ஒரு பகுதியை வெட்டி எடுத்தால் எக்ஸிஷன், முழுவதையும் எடுத்தால் ரிசெக்‌ஷன் என்பது முதல் பாடம். நுரையீரலின் மேல் மடலை மட்டும் அகற்றினால், நுரையீரலின் ஒரு பகுதிதானே என்று எக்ஸிஷன் போடத் தோன்றும், ஆனால் பி.சி.எஸ்.ஸில் ஒவ்வொரு மடலும் தனி உறுப்பாகக் கருதப்படுவதால், முழு மடலையும் எடுப்பது ரிசெக்‌ஷன் ஆகிவிடும். இந்த நுட்பத்தைப் புரிந்துகொண்ட நாளில் எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் என் அன்றாட வேலையில் உள்நோயாளர் சார்ட் ஒன்றுகூட இல்லை. எட்டு மாதங்களுக்குப் பிறகு நான்கு மாதத் தற்காலிகப் பணியாக உள்நோயாளர் குழுவுக்கு அனுப்பப்பட்டபோது, அதே மடல் விஷயத்தில் எக்ஸிஷன் போட்டு ஆடிட்டில் பிழை வாங்கினேன்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் இருந்தது. நிமோனியாவாக இருக்கலாம் என்று மருத்துவர் எழுதியிருந்தால், வெளிநோயாளர் சார்ட்டில் நிமோனியாவைக் குறிக்கக் கூடாது. இருமல், காய்ச்சல் போன்ற அறிகுறிகளைத்தான் குறிக்க வேண்டும். மருத்துவமனைக்கான உள்நோயாளர் குறியீட்டிலோ, வீடு திரும்பும் நாளிலும் அந்த ஐயம் அப்படியே நீடித்தால், நோய் இருப்பதாகவே கொண்டு குறிக்க வேண்டும். மூன்றாண்டுகளாக ஒரு விதியில் ஊறிய கைக்கு மற்றொன்று உடனே வருவதில்லை. நூலில் இரண்டையும் நான் படித்திருந்தேன். ஆனால் சார்ட் கற்றுக்கொடுத்தது ஒன்றை மட்டுமே. இங்கே நான் பார்த்த வரையில், ஃப்ரெஷராக வருகிறவர்களுக்கு முதலில் வெளிநோயாளர் சார்ட்டுகளே தரப்படுகின்றன. அந்த நிலையில் சி.சி.எஸ். எழுதித் தேறினாலும், படித்ததில் பாதி பயன்படுத்த வாய்ப்பின்றி மங்கிவிடும்.

பணக் கணக்கில் சி.பி.சி. பின்தங்குகிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆண்டுதோறும் உறுப்பினர் கட்டணத்தைச் செலுத்தியாக வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை 36 தொடர்கல்விப் புள்ளிகளைக் காட்ட வேண்டும், சி.சி.எஸ்.ஸுக்கு 20 போதும். ஐ.சி.டி. குறியீடுகளை, பி.சி.எஸ். உட்பட, அமெரிக்க அரசு இணையத்தில் இலவசமாக வெளியிடுகிறது, சி.பி.டி.யின் உரிமை அமெரிக்க மருத்துவச் சங்கத்திடம் இருப்பதால் அந்த நூலை, சி.சி.எஸ். எழுதுகிறவரும்கூட, விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும். அனுபவமின்றித் தேறுகிறவருக்குச் சான்றிதழின் பெயரோடு பயிற்சியாளர் என்பதைக் குறிக்கும் ‘ஏ’ ஒட்டிக்கொண்டு வரும் என்பதும், அதை நீக்கப் பணி அனுபவத்தையோ அதற்கு ஈடான பயிற்சியையோ காட்ட வேண்டும் என்பதும் தனித் தொல்லை. இந்தக் கட்டணம் தொடக்கச் சம்பளக்காரருக்குச் சுமைதான். இருந்தும், மறந்துபோகிற படிப்புக்குக் கட்டும் சிறிய தொகையைவிட நாள்தோறும் பயன்படுத்துகிற படிப்புக்குக் கட்டும் பெரிய தொகை எனக்குத் தகுதியானதாகத் தோன்றுகிறது.

சி.சி.எஸ். முதலில் பொருந்தக்கூடியவர்களும் இருக்கிறார்கள். வேலையில் சேர்ந்ததுமே உள்நோயாளர் குழுவில் இடம் கிடைத்தவர்கள், அறுவை அரங்கில் பணியாற்றிவிட்டு வந்த செவிலியர்கள் ஆகியோர் தயங்காமல் எழுதலாம். அந்தக் குழுவில் சம்பளம் கூடுதல் என்று எனக்குத் தெரிந்த இருவர் சொன்னார்கள். நான்கு மாதம் மட்டுமே அங்கே இருந்த நான் அதைப் பொதுவிதியாகச் சொல்ல மாட்டேன்.

என் வாதம் எச்.சி.சி. குழுக்களுக்குப் பொருந்தாது. அங்கே, காப்பீட்டில் உள்ள நோயாளிகளுக்கு ஆகக்கூடிய செலவைக் கணிக்கும் ஆபத்து மதிப்பீட்டுக்காக நோய்க் குறியீடுகளை மட்டுமே எடுப்பதால் சி.பி.டி.க்கு வேலையே இல்லை. என்னோடு ஒரே நாளில் சி.பி.சி. தேறிய தோழி அத்தகைய குழுவுக்கு மாற்றப்பட்டு, இரண்டாண்டுகளாக சி.பி.டி. நூலைத் திறக்கவே இல்லை. பி.சி.எஸ். எனக்கு மறந்ததைப் போலவே அவருக்கு அது மறந்துவிட்டது. அவர் இப்போது ஆபத்து மதிப்பீட்டுக் குறியீட்டுக்கென ஏ.ஏ.பி.சி. நடத்தும் சி.ஆர்.சி. தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார், அவருடைய மேசைக்கு வரும் சார்ட்டுகளுக்கு அதுவே சரி.