நிலவறைக்குக் கொங்கிரீட் தளம் இட்ட நிறுவனம்: எனது மதிப்பீடு

ஒன்ராறியோவில் நாங்கள் கட்டும் புதிய வீட்டின் நிலவறைக்குத் தளம் இட்ட நிறுவனத்திடம் என்னை மிகவும் கவர்ந்தது, கலவை லொறி வருவதற்கு முன்பே அவர்கள் காட்டிய அக்கறைதான். 100 மில்லிமீற்றர் தடிப்புக்குச் சல்லி பரப்பி இறுக்கி, நிலத்து ஈரம் மேலேறாதவாறு பொலித்தீன் விரிப்பை ஓரங்கள் ஒன்றன்மேலொன்று படிய விரித்து ஒட்டி, தரைவடிகாலை நோக்கிய சரிவை லேசர் கருவியால் சரிபார்த்த பின்னரே ஊற்றத் தொடங்கினார்கள். பரப்புவது எளிதாகும் என்பதற்காகக் கலவையில் தண்ணீர் சேர்க்கவில்லை. சேர்த்தால் வலிமை குறைவதோடு, காய்ந்தபின் வெடிப்பும் மேற்பரப்பில் தூசும் உண்டாகும். மேலே கசிந்த நீர் வற்றும்வரை காத்திருந்தே இயந்திரக் கரண்டியால் மினுக்கினார்கள். இந்தப் பொறுமை எல்லோரிடமும் இருப்பதில்லை. சுருக்க வெடிப்பைக் கட்டுப்படுத்தும் வெட்டுகளும் தளத் தடிப்பின் நான்கிலொரு பங்கு ஆழத்துக்கு நேராக அமைந்துள்ளன.

மாடிப்படியின் கீழே இயந்திரம் எட்டாத மூலையைக் கையால் தேய்த்ததில் மேடுபள்ளம் தெரிகிறது. ஓடு பதிப்பதற்கு முன் அதைச் சமப்படுத்த வேண்டும். ஈரத்தைத் தக்கவைக்கும் பூச்சுக்குத் தனிக் கட்டணம் உண்டு என்பதையும் விலைமதிப்பிலேயே எழுதியிருக்கலாம்.