தேசிக்காய்ப் படம் ஒட்டிய போத்தலில் வரும் ‘இயற்கைத் துப்புரவு நீர்’: வாங்கி ஏமாறாதீர்கள்

கடந்த மாசி மாதத்தில் கொக்குவிலில் உள்ள எங்கள் வீட்டுக்கு மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு இளைஞர்களிடம், ‘இயற்கைத் துப்புரவு நீர்’ என்று அவர்கள் சொல்லி விற்ற இரண்டு போத்தல்களை 1,500 ரூபா கொடுத்து வாங்கினேன். அதனால் எங்கள் விறாந்தை நிலம் பழுதாகிப் போனதுடன், கிணற்றடியில் மூச்சுத் திணறி நான் வைத்தியசாலைக்கும் போகவேண்டி வந்தது. இதே போத்தல்கள் இணுவில், கோண்டாவில் பக்கமும் வீடு வீடாக விற்கப்படுவதாக உறவினர்கள் சொன்னபடியால், நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு என்று ஒன்றில்லை. சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித் தேங்கும் மழைநீரைத்தான் கிணறுகளில் இருந்து எடுத்துப் புழங்குகிறோம். அந்த நீரில் கரைந்துவரும் சுண்ணாம்பு, குளியலறை டைல்சிலும் பைப் வாயிலும் கேத்திலின் அடியிலும் வெள்ளையாகப் படிந்து, எத்தனை தரம் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாலும் போகாது. அந்தக் கறையோடு ஆண்டுக்கணக்கில் போராடும் ஒருவரின் வாசலில் வந்து, அதைக் கண்முன்னே போக்கிக் காட்டினால் யாருக்கும் வாங்கத்தான் மனம் வரும்.

அவர்கள் முதலில் குளியலறை மூலையில் சிறிது ஊற்றிக் காட்டினார்கள். வெள்ளைப் படிவு பொங்கிக் கரைந்தது, அது உண்மை. பிறகு விறாந்தையின் ஓரத்திலும் ஊற்றினார்கள். அங்கேயும் நுரைத்தது. “பாருங்கோ அன்ரி, எவ்வளவு ஊத்தை கிளம்புது எண்டு. இதிலை கெமிக்கல் ஒண்டும் இல்லை. தேசிக்காய்ப் புளி, உப்பு, அப்பச்சோடா, அவ்வளவுதான். உங்கடை குசினியிலை இருக்கிற சாமான்தான்” என்றான் மூத்தவன். பாசி பிடித்த இடங்களில் கிணற்றுக்குப் போடும் குளோரின் தூளைத் தூவிவிட்டு இதை ஊற்றினால் இரட்டிப்பு வேலை செய்யும் என்றும் சொல்லிக் கொடுத்தான். பற்றுச்சீட்டுக் கேட்டபோது, புத்தகம் முடிந்துவிட்டது, ஒட்டியிருக்கும் தாளில் தொலைபேசி இலக்கம் இருக்கிறது என்றான். அந்த இலக்கம் பாவனையில் இல்லை என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

அன்று பின்னேரமே விறாந்தை முழுவதும் ஊற்றித் தும்புத்தடியால் தேய்த்துக் கழுவினேன். அது என் தகப்பனார் வீடு கட்டியபோது சிவப்புச் சாயம் கலந்து, மேசன் கரண்டியால் மினுக்கி மினுக்கிப் போட்ட சீமெந்து நிலம். ஈரத்தில் அது புது நிலம்போலப் பளபளத்தது. அந்தச் சந்தோசத்திலேயே கிணற்றடிக்குப் போய், மாரி வெள்ளம் வடிந்தபின் கிணறு இறைத்துக் குளோரின் இட்டபோது மிஞ்சிக் கிடந்த தூளைப் பாசியின் மேல் தூவி, அந்தப் பையன் சொன்னபடியே போத்தலில் இருந்ததை ஊற்றினேன். ஊற்றிய உடனே மஞ்சளும் பச்சையும் கலந்த புகை காலடியில் எழும்பியது. தொண்டை எரிந்தது; கண் திறக்க முடியவில்லை; மூச்சை உள்ளே இழுக்க இழுக்க இருமல்தான் வந்தது. சத்தம் கேட்டு வந்த என் கணவர் என்னைப் படலைவரைக்கும் இழுத்துக்கொண்டு போனார். வைத்தியசாலையில் ஒட்சிசன் தந்து ஓரிரவு வைத்திருந்தார்கள். கிணற்றடி திறந்தவெளியாக இருந்ததால் தப்பினேன்; இதையே கதவு மூடிய குளியலறைக்குள் செய்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எண்ணவே பயமாக இருக்கிறது.

மறுநாள் திரும்பி வந்தபோது விறாந்தை காய்ந்திருந்தது. சிவப்பு மங்கி, திட்டுத் திட்டாக வெளிறி, காலை வைத்தால் மணல் நெருடுவதுபோல் இருந்தது. எங்கள் அம்மா ஒன்றும் பேசாமல் குனிந்து அந்த நிலத்தைக் கையால் தடவிப் பார்த்தது இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை.

உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கும் என் பெறாமகள் வந்துதான் விசயத்தை விளங்கப்படுத்தினாள். “சின்னம்மா, தேசிக்காய்ப் புளியையும் அப்பச்சோடாவையும் ஒண்டாய்க் கலந்தால் ரெண்டும் ஒண்டையொண்டு தின்று முடிச்சிடும். போத்தலுக்குள்ளை அடைச்சால் வாயு முட்டி வெடிக்குமே ஒழிய, இப்படி வேலை செய்யாது” என்றாள். ஒரு பழைய கிண்ணத்தில் அந்த நீரில் சில துளிகளை விட்டு, ஒரு சிட்டிகை அப்பச்சோடாவைப் போட்டபோது சீறிப் பொங்கியது. உள்ளே ஏற்கெனவே சோடா இருந்து புளிப்பு முறிந்திருந்தால் அப்படிப் பொங்க இடமில்லை. மூடியைத் திறந்தால் மூக்கைத் துளைக்கும் மணமும் மெல்லிய வெண்புகையும் வந்ததை வைத்து, கக்கூசு கழுவ விற்கும் அசிட், அதாவது ஐதரோகுளோரிக் அமிலம், தண்ணீர் விட்டுப் போத்தலில் அடைக்கப்பட்டிருக்கிறது என்பதே எங்கள் முடிவு. அந்த விலையில் அதைக் கடையில் பல மடங்கு வாங்கலாம் என்பது இரண்டாவது வயிற்றெரிச்சல்.

டைல்சில் படிந்திருக்கும் வெள்ளைக் கறை கல்சியம் காபனேற்று. அமிலம் பட்டால் அது காபனீரொட்சைட்டு வாயுவை விட்டுக் கரைந்துவிடும். அந்த வாயுதான் நுரை. ஆனால் சீமெந்திலும் மாபிளிலும் இருப்பதும் அதே குடும்பத்துச் சுண்ணாம்புதான். ஆகவே விறாந்தையில் ஊத்தை கிளம்புகிறது என்று அவன் காட்டிய நுரை, எங்கள் நிலமே கரைந்து கிளம்பிய நுரை. இந்த ஒன்றை நான் அன்றைக்கே அறிந்திருந்தால் முதல் துளியிலேயே அவர்களைப் படலைக்கு வெளியே அனுப்பியிருப்பேன். கிணற்றடியில் எழும்பிய புகையோ குளோரின் வாயு. கிணற்றுக்குப் போடும் வெளிற்றும் தூளிலும், கடையில் வாங்கும் பிளீச்சிலும் எந்த அமிலம் சேர்ந்தாலும், அது வினாகிரியாக இருந்தாலும்கூட, அந்த நச்சு வாயு கிளம்பும். 1915ஆம் ஆண்டு முதலாம் உலகப்போரில் படைவீரர்கள்மேல் ஏவப்பட்டது இதே வாயுதான். காற்றைவிடப் பாரமானபடியால் நிலத்தோடு தேங்கி நிற்கும். குழந்தைகளும் குந்தியிருந்து கழுவுகிறவர்களும்தான் முதலில் அகப்படுவார்கள். இப்படி நேர்ந்தால் ஊற்றியதைக் கழுவ நிற்காமல் உடனே காற்றோட்டமான இடத்துக்கு விலகி, மூச்சு எடுக்கக் கஷ்டமாக இருந்தால் 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் கேளுங்கள்.

குசினிச் சாமான்களால் துப்புரவு செய்யவே முடியாது என்று நான் சொல்லவரவில்லை. நான் இப்போது அதைத்தான் செய்கிறேன். டைல்சிலும் பைப்பிலும் உள்ள வெள்ளைப் படிவுக்கு வினாகிரியில் நனைத்த துணியைச் சுற்றி அரை மணித்தியாலம் விட்டுத் துடைத்து, பின்னர் நல்ல தண்ணீரால் கழுவினால் போதும். கேத்திலுக்கு இரண்டு தேசிக்காயைப் பிழிந்து தண்ணீருடன் கொதிக்கவிட்டு ஊறவைக்கலாம். பித்தளை விளக்குக்குப் பழப்புளிக்கு மிஞ்சியது எதுவும் இல்லை. தேநீர்க் கறை ஏறிய கோப்பையை ஈர அப்பச்சோடாவால் தேய்க்கலாம். ஆனால் அதையும் வினாகிரியையும் சேர்த்துக் குழைத்துத் தேய்ப்பதில் பயனில்லை, பொங்கி அடங்கியபின் மிஞ்சுவது பெரும்பாலும் தண்ணீர்தான். சீமெந்து நிலத்திலும் மாபிளிலும் புளிப்பான எதையும் ஊற்றவேண்டாம்; சவர்க்காரத் தண்ணீரால் கழுவுங்கள். கிணற்றடிப் பாசிக்குக் குளோரின் தூளைப் பாவிப்பதானால் அதைத் தனியே பாவியுங்கள்.

எங்கள் போத்தல்கள் குடிதண்ணீர் விற்ற பழைய 1.5 லீற்றர் போத்தல்கள். தேசிக்காய்ப் படம் போட்ட தாள் ஒன்று ஒட்டியிருந்ததே தவிர, உற்பத்தியாளரின் பெயரோ முகவரியோ, உள்ளடக்கமோ, அதிகபட்ச சில்லறை விலையோ எதுவும் இல்லை. தாகத்துக்குக் குடிதண்ணீர் என்று ஒரு பிள்ளை எடுத்துக் குடிக்கக்கூடிய போத்தலில் அமிலத்தை விற்பதை என்னால் மன்னிக்க முடியாது. ஏற்கெனவே வாங்கியவர்கள் அதைக் குசினியில் வைக்காமல், பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். அப்போது போத்தலும் ஒட்டிய தாளும் கையில் இருப்பது நல்லது என்பதால், பாவிக்காத எங்கள் இரண்டாவது போத்தலை நான் அப்படியே வைத்திருக்கிறேன். இதே தாள் ஒட்டிய போத்தல் உங்கள் வீட்டிலும் இருந்தால் அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, வாங்கிய திகதியையும் வந்தவர்களின் மோட்டார் சைக்கிள் இலக்கம் தெரிந்தால் அதையும் குறித்து வையுங்கள்; அந்த இலக்கத்தைப் பார்த்து வைக்க எனக்கு அன்று தோன்றவில்லை.